போட்டோ எடுக்க வேணாம்னு சொன்ன அம்மா: நாங்க செய்ற உதவி சரியா? கடலூர் ஆளுங்க சொல்லுங்க

மஞ்சக்குப்பத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல நாங்க பதினோரு பேர் சேர்ந்து கொரோனா லாக்டவுன்ல ஆரம்பிச்ச சின்ன குழு, இன்னும் ரிஜிஸ்டர் கூட பண்ணல. மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை முதுநகர், தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் 38 வீட்டுக்கு மளிகை குடுக்குறோம். தனியா இருக்குற வயசானவங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்க, புருஷன் இல்லாம கூலி வேலைக்குப் போய் புள்ளைங்கள வளக்குறவங்க இப்படி. 10 கிலோ அரிசி, ரெண்டு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு. காசு குடுக்குறவங்க முக்கால்வாசி வெளியூர், வெளிநாடு, அதனால பையைக் குடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்ருவோம்.

இந்த மாசம் முதுநகர்ல ஒரு வீடு. அந்தம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, மகனுக்கு நாப்பது கிட்ட இருக்கும், பொறந்ததுல இருந்தே மூளை வளர்ச்சி கம்மி, பேச்சு வராது, குளிப்பாட்டுறது ஊட்டி விடுறது எல்லாமே அந்தம்மாதான். பையைக் குடுத்துட்டு போனை எடுத்தேன், உடனே முந்தானையை இழுத்து மகன் மூஞ்சியை மூடிட்டாங்க. அவரு பயந்துபோய் துணிக்குள்ளயே தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாரு. "என்னை எடுத்துக்கோ தம்பி, இவனை எடுக்காத, இவன் உங்ககிட்ட எதுவும் கேக்கலயே"ன்னாங்க. எடுக்காமலே திரும்பிட்டோம். வரும்போது பார்த்தா போன மாசம் நாங்க குடுத்த அரிசிப் பை கட்டு கூட பிரிக்காம சுவத்துல சாஞ்சு கிடக்கு.

ரெண்டு நாளா தூக்கம் வரல. போட்டோவ நிறுத்தினா காசும் நின்னுடும்னு குழுல பாதிப் பேரு சொல்றாங்க. அத என்ன பண்றது? அரிசியே தேவைப்படாத வீட்டுக்கு நிஜமாவே என்னதான் தேவை? இந்த நிலைமைல இருக்குறவங்க, பார்த்தவங்க யாராவது இருந்தா மறைக்காம சொல்லுங்க.

நெல்லிக்குப்பம் அக்கா:

தம்பி, அந்தப் பையை ஏன் பிரிக்கலன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான், என் கூடப்பொறந்த தம்பி, 34 வயசு. ரேஷன் அரிசி சும்மாவே வருது, அந்த்யோதயா கார்டுன்னா (ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்குக் குடுக்குற ரேஷன் கார்டு) மாசம் 35 கிலோ, ரெண்டு பேர் உள்ள வீட்ல அதுவே மிஞ்சும். எங்கம்மா அரிசிக்காக ஒருநாளும் கண்ணு கலங்கி நான் பார்த்ததில்ல. அவங்க அழுதது சொந்த அண்ணன் மக கல்யாணத்துக்குப் போக முடியாம. இந்தா இருக்குற பண்ருட்டில கல்யாணம், காலைல போனா மத்தியானம் வந்துடலாம், ஆனா இவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? அவங்க கடைசியா நிம்மதியா ஒரு நேரம் கோயிலுக்குப் போனது எந்த வருஷம்னு கேட்டா அவங்களுக்கே ஞாபகம் இல்ல.

மளிகையைவிட எங்களுக்கு காசு போறது பெரியவங்க போடுற டயப்பருக்குத்தான், பத்து இருக்குற பாக்கெட் மூணு நாளைக்குத் தாங்காது. ரப்பர் ஷீட்டு, துணி தொவைக்கிற பவுடரு, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு மாத்துறதுல அம்மாவுக்கு இடுப்பே போச்சு. இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, நாங்களும் வாய் விட்டுச் சொல்ல மாட்டோம், வெக்கமா இருக்கும்.

இன்னொரு பெரிய விஷயம் இருக்கு. இப்படிப்பட்ட புள்ளைக்கு 18 வயசு முடிஞ்சா பெத்த தாய் கூட தானா கார்டியன் (சட்டப்படி அவனுக்காக முடிவெடுக்குற பொறுப்பாளர்) ஆக முடியாதாம், அப்பா தவறினதுக்கு அப்புறம் ஒரு பேங்க் கவுண்டர்ல நின்னப்பதான் எங்களுக்கே இது தெரிஞ்சுது. தம்பி பேர்ல அப்பா போட்ட பணம், எடுக்கணும்னா கார்டியன் சர்டிபிகேட் கொண்டாங்கன்னுட்டாங்க. 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்குறவங்க இவங்களுக்கு. கலெக்டர் தலைமைல ஒரு லோக்கல் லெவல் கமிட்டி, அவங்கதான் கார்டியன் நியமிக்கணும். கலெக்டர் ஆபீஸுக்கும் வீட்டுக்குமா நாலு தடவை அலைஞ்சோம், ரெண்டு தடவை தம்பியையும் ஆட்டோல ஏத்திக்கிட்டு. அவன் கூட்டத்தைப் பார்த்தா கத்துவான், அம்மா அவனைப் பிடிப்பாங்களா, ஃபார்ம் எழுதுவாங்களா, வரிசைல நிப்பாங்களா? நான் லீவு போட்டு வந்ததால நடந்துச்சு. மகளும் இல்லாத வீட்ல?

அந்தம்மாகிட்ட மூணு கேளுங்க தம்பி. மாசம் 2000 பராமரிப்பு உதவித்தொகை வருதா, நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா இன்சூரன்ஸ் (வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், மருந்து தெரபிக்கும் சேர்த்து) போட்டிருக்காங்களா, கார்டியன் பேப்பர் இருக்கா. "எனக்குப் பின்னாடி இவனை யாரு பார்ப்பா"ங்கிற கேள்வி அவங்களுக்கு ராத்திரி பூரா ஓடும், அத மட்டும் எடுத்தவுடனே கேட்டுடாதீங்க. நாலு தடவை போய்ப் பழகுங்க, அவங்களே பேசுவாங்க.

சிங்கப்பூர்வாசி_கூத்தப்பாக்கம்:

ப்ரோ, நான் உங்க குழு இல்ல, ஆனா ஊர்ல வேற ஒரு குழுவுக்கு மாசாமாசம் அனுப்புறவன், அதனால காசு குடுக்குறவன் பக்கமும் சொல்லணும். நாங்க போட்டோ கேக்குறது பெருமைக்கு இல்ல. ரெண்டு வருஷம் ஒருத்தரை நம்பி அனுப்பினேன், கடைசில அப்படி ஒரு முதியோர் இல்லமே இல்லன்னு தெரிஞ்சுது. அந்தக் காசுல நான் ஓவர்டைம் பார்த்த ராத்திரி எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் எதுவா இருந்தாலும் கண்ணால பார்த்தாதான்னு ஆகிடுச்சு.

ஆனா உங்க பதிவைப் படிச்சிட்டு என் போன்ல உள்ள பழைய போட்டோ எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு பாட்டி கேமராவைப் பார்க்கவே இல்ல, கீழயே பார்க்குறாங்க. நான் அத இத்தனை நாளா கவனிக்கல. மூஞ்சி வேணாம் ப்ரோ. மளிகைக்கடை பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட், எந்த ஏரியால எத்தனை வீடுன்னு ஒரு கணக்கு, அது போதும் எனக்கு. இன்னும் சொல்லப்போனா போட்டோல ஏமாத்துறது ஈஸி, பில்லுல கஷ்டம்.

முதல்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க, டிரஸ்டாவோ சங்கமாவோ. வருமான வரித் துறைல பதிவும் நன்கொடைக்கான வரிக் கழிவு அனுமதியும் (12ஏபி, 80ஜின்னு சொல்லுவாங்க) வாங்கிட்டா குடுக்குறவங்களுக்கு பழைய வரி முறைல கழிவு கிடைக்கும், ரொக்கமா 2000க்கு மேல குடுத்தா கிடைக்காது, அதனால எல்லாம் அக்கவுண்ட் வழியாவே வரும், உங்களுக்கும் கணக்கு சுத்தமா இருக்கும். வெளிநாட்டுக் காசுல ஒண்ணு கவனம். நான் இந்தியன் பாஸ்போர்ட், பேங்க் வழியா அனுப்புற என் சொந்தக் காசு வெளிநாட்டு நன்கொடைல சேராது. என் மச்சான் இங்க சிட்டிசன் ஆகிட்டாரு, அவரு அனுப்பினா சேரும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாம அத வாங்கினா மாட்டிப்பீங்க. குழுல யாரு என்ன பாஸ்போர்ட்னு ஒரு தடவை கேட்டுக்குங்க.

மூணுசக்கரம்_பண்ருட்டி:

எனக்கு ரெண்டு வயசுல போலியோ. மூணு சக்கர ஸ்கூட்டர்லதான் போறேன் வரேன், செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். நேராவே கேக்குறேன், உங்க பதினோரு பேர்ல மாற்றுத்திறனாளி எத்தனை பேரு? வயசானவங்க எத்தனை பேரு? இல்லனா எங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே உக்காந்து முடிவு பண்ணிதான் குடுத்திருக்கீங்க. தப்பா சொல்லல, நல்ல மனசுலதான் செய்றீங்க, ஆனா அரிசிப் பை சுவத்துல சாஞ்சு கிடக்க காரணம் அதுதான்.

என் அனுபவம் ஒண்ணு. ஒரு விழால எனக்கு சக்கர நாற்காலி குடுத்தாங்க. நான் காலிபர் (காலைத் தாங்குற கம்பிப் பட்டை) போட்டு ஊன்றுகோல்ல நடக்குறவன், எனக்கு நாற்காலி வேணாம், ஊன்றுகோலுக்கு அடில போடுற ரப்பர் புஷ் தேஞ்சு போய் மழைல வழுக்குது அதுதான் வேணும்னு சொன்னேன். மேடைல உக்காருங்க சார் போட்டோவுக்குன்னாங்க. உக்காந்தேன். அந்த நாற்காலி எங்க வீட்டுக் கதவுக்குள்ள கூட நுழையல. புஷ்ஷு அம்பது நூறு ரூபா சமாச்சாரம், அத நானே தேடி வாங்கிக்கிட்டேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற தேவை. கண்ணு தெரியாதவருக்கு ஃபார்ம் படிச்சுக் காட்ட ஆளு வேணும், காது கேக்காதவருக்கு ஆஸ்பத்திரில சைகை தெரிஞ்ச ஆளு வேணும். யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுக்காத ஆளுங்க இன்னும் கிராமத்துல நிறைய, அது இல்லாம எந்த உதவித்தொகைக்குப் போனாலும் சுத்தி விடுவாங்க. என்னை சேர்த்துக்கிட்டா வரேன். புதன்கிழமை கடை லீவு. ஆனா வாங்குறவனா வரமாட்டேன், குழுல ஒரு ஆளா வரேன்.

ஓய்வுபெற்ற ஆர்ஐ:

வருவாய்த்துறைல 31 வருஷம் இருந்தவன் நான். 2004 சுனாமி முடிஞ்ச வாரம் தேவனாம்பட்டினத்துல ட்யூட்டி. லாரி லாரியா பழைய துணி வந்து இறங்குச்சு, கிழிஞ்சது, அழுக்கு, எல்லாம் ரோட்டோரம் குவிஞ்சு மழைல நனைஞ்சு நாறிப்போச்சு. கடல்ல போய் சம்பாதிச்ச ஜனம், ஒருத்தரும் குனிஞ்சு எடுக்கல. ஒரு பெரியவர் என்கிட்ட, "ஐயா துணி வேணாம், வலை குடுக்கச் சொல்லுங்க"ன்னாரு. தம்பி எழுதின அரிசிப் பையைப் படிச்சதும் அவரு முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

இந்த மாவட்டத்துக்காரங்களுக்கு சோறு போடுறத யாரும் கத்துக்குடுக்க வேணாம். வடலூர்ல வள்ளலார் 1867 மே 23ந்தேதி மூட்டின அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது, யாரு எந்த ஊருன்னு ஒரு கேள்வி இல்லாம தருமச்சாலைல சாப்பாடு. போட்டோ விஷயத்துக்கு அங்கயே பதில் இருக்கு.

வயசானவங்க விஷயத்துல என் கையால பார்த்தது சொல்றேன். முதியோர் உதவித்தொகை இப்ப மாசம் 1200. மனு தள்ளுபடி ஆனா ஏன் ஆச்சுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது, அப்படியே விட்டுடுவாங்க. ஆதார்ல ஒரு வயசு, ரேஷன் கார்டுல ஒரு வயசு, பேங்க் பாஸ்புக்ல பேரு வேற எழுத்து, இதுதான் பெரும்பாலும். அத சரி பண்ண இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் கூடப் போகணும், அவ்வளவுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம், ஆனா அந்த ரசீதை பத்திரமா வச்சுக்கிட்டு பின்னாடியே கேக்க ஆள் வேணும். ரேஷன் பொருள் வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட்ல இருந்து தாயுமானவர் திட்டத்துல வீட்டுக்கே வருது, பேரு இருக்கான்னு பாருங்க. பிரஷர், சுகர், படுக்கைல இருக்குறவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து இருக்கு, பிசியோதெரபியும் உண்டு.

வீட்டை எழுதி வாங்கிட்டு பெத்தவங்கள வெளிய விட்ட கேஸு இருந்தா 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு போடலாம், மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போட முடியும், பார்த்துக்கிறேன்னு நிபந்தனையோட எழுதிக்குடுத்த பத்திரத்தையும் செல்லாதுன்னு கேக்கலாம். ஆனா எத்தனையோ அம்மாக்கள் கடைசி நேரத்துல மனுவை வாபஸ் வாங்கிட்டுப் போவாங்க, "என் புள்ள பேரு கெட்டுடும்"னு. அவங்கள வற்புறுத்தாதீங்க. 14567 முதியோர் ஹெல்ப்லைன் நம்பரை மட்டும் பெருசா எழுதி சுவத்துல ஒட்டிட்டு வாங்க.

மஞ்சக்குப்பத்தான்:

அக்கா, சார், ப்ரோ எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் குழுல சத்தமா வாசிச்சோம். பண்ருட்டி அண்ணே, மன்னிச்சுக்குங்க, எங்க பதினோரு பேர்ல நீங்க கேட்ட மாதிரி ஒருத்தர் கூட இல்ல. கூட்டத்தையே புதன்கிழமைக்கு மாத்திட்டோம், இடம் ஒரு நண்பர் வீட்டு முன்வாசல், படி கிடையாது, வண்டி உள்ள வரும்.

நேத்து சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரியும் பை எதுவும் எடுக்காம அந்த வீட்டுக்குப் போனோம். முதல்ல வாசல்லயே நிக்க வச்சுதான் பேசுனாங்க. அப்புறம் இவ அவங்க மகன் பக்கத்துல தரைல உக்காந்து வளையலை ஆட்டிக் காட்ட, அவரு சிரிச்சு கையை நீட்டினாரு, அதுக்கப்புறம்தான் அந்தம்மா டீ போட உள்ள போனாங்க. உதவித்தொகை வருதாம். கார்டியன் பேப்பர்னா என்னன்னே தெரியல. இன்சூரன்ஸும் இல்ல. அதுக்காக அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் அவங்ககூட கலெக்டர் ஆபீஸுக்குப் போறோம், நெல்லிக்குப்பம் அக்கா, என்னென்ன பேப்பர் எடுக்கணும்னு ஒரு தடவை சொல்லிடுங்க.

கிளம்பும்போது, வேற எதுனா வேணுமாம்மான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாச்சுன்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் என் வீட்டுக்காரி அவங்க மகன்கூட இருக்கா.

அப்புறம் ஒரு விஷயம், அவருக்கு முதுகுல புண்ணு ஆரம்பிச்சிருக்கு. முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் யார் வீட்லயாவது உபயோகிக்காத வாட்டர் பெட் ஓட்டையில்லாம இருந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்.