மிக்சரில் ‘லாக்அவுட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

சிமென்ட் மிக்சர் பாதுகாப்புக் குறிப்புகளில் ‘லாக்அவுட்’ (இயந்திரத்தில் கைவைக்கும்முன் அது இயங்கிவிடாதபடி முடக்கிவைப்பது) வரும் இடமெல்லாம் ‘மின்துண்டிப்பு’ என்று எழுதுகிறோம். அது போதாது. ‘கதவடைப்பு’ தொழிற்சங்கச் செய்திகளுக்குப் போய்விட்டது, அதையும் எடுக்க முடியாது.

மின்சாரத்தை நிறுத்தினாலும் மிக்சர் அடங்கிவிடாது. டிரம்முக்குள் கலவை ஒரு பக்கமாக இறுகியிருந்தால், கனமான பக்கம் கீழே வரும்வரை டிரம் தானாக உருளும். பிளேடில் ஒட்டியதைக் கொத்திக்கொண்டிருப்பவரின் கை அப்போது உள்ளே இருக்கும். தூக்கி நிறுத்திய ஹாப்பர், அதாவது ஜல்லியையும் மணலையும் டிரம்முக்குள் கொட்டும் தொட்டி, இதைவிட மோசம். அதைத் தாங்குவது தூக்கும் வின்ச்சின் பிரேக்கும் கம்பிக்கயிறும்தான். பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டாலோ, கயிறு அறுந்தாலோ, அடியில் சிந்திய ஜல்லியை வாரிக்கொண்டிருப்பவர் மேல் இறங்கிவிடும். டீசல் மிக்சரிலோ துண்டிக்க மின் இணைப்பே கிடையாது.

அசைவு எல்லாவற்றையும் அடக்கும் சொல்லாக ‘இயக்கப்பூட்டு’ சரிவருமா?

---

ஐயா, வணக்கம்.

காரணம் சரி, சொல் இடறுகிறது. ‘இயக்கப் பூட்டு’ என்று பிரித்துப் படித்தால் ‘இயக்குவதற்காகப் பூட்டு’ என்றாகிவிடும். வண்டி பூட்டுவதும் ஏர் பூட்டுவதும் நம்மிடம் வேலையைத் தொடங்குவதற்குத்தானே? ‘நிறுத்திப்பூட்டல்’ என்று வைக்கலாம். செய்ய வேண்டிய வரிசையும் அதிலேயே இருக்கிறது.

அந்த வரிசை முக்கியம். டிரம் ஓடும்போதே கலவையைக் கொட்டிவிட்டு, ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சில நிமிடம் சுற்றவிட்டால் ஒட்டியதில் பெரும்பகுதி கழன்றுவிடும். உள்ளே கைவிடும் வேலையே குறையும். அடுத்து ஹாப்பரைத் தரைவரை இறக்க வேண்டும். இறக்க முடியாத நிலையில் அதைத் தாங்கும் லாக் பின்னையோ சங்கிலியையோ மாட்டாமல் யாரும் அடியில் போகக் கூடாது. அதன்பிறகே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவது. டீசல் என்றால் எஞ்சினை நிறுத்தி ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கழற்றிக்கொள்வது. சாவியில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சினானால் சாவியை எடுத்து, பேட்டரி வயரையும் கழற்றுவது. கடைசியாக டிரம் உருளாதபடி கட்டை கொடுப்பது.

சாவியோ ஹேண்டிலோ மேஸ்திரியிடம் இருந்தால் பயனில்லை, கைவிடுபவரிடமே இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. சுவிட்சில் தொங்கும் எச்சரிக்கை அட்டை பூட்டுக்கு ஈடாகாது. தூசியில் எழுத்து மறைந்துபோகும், காற்றில் அட்டையே பறந்துபோகும்.

---

‘நிறுத்திப்பூட்டல்’ நன்றாகவே இருக்கிறது, ஏற்கிறேன். ‘நிறுத்திப் பூட்டியாச்சா?’ என்று வேலையிடத்தில் கூப்பிட்டுக் கேட்கவும் வருகிறது. விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பூட்டியபின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. வேறு மிக்சரின் சுவிட்சைப் பூட்டியிருந்தால் அங்கேதான் தெரியும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

நிறுத்திப்பூட்டல் (பெயர்ச்சொல்): இயந்திரத்தை நிறுத்தி, தூக்கியதை இறக்கி அல்லது தாங்கல் கொடுத்து, சுழல்வதை அசையாமல் செய்து, வேலை செய்பவர் தம் பூட்டைப் போட்டு, இயங்கவில்லை என்று சோதித்தல்.