பி0299 கோடு, சூடானதும் இழுவை இல்லை: டர்போவா, கன்ட்ரோல் வால்வா?

ஸ்டெப்னி:
வணக்கம். என்னுடையது டீசல் கார், வேக்கத்தில் (காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடத்தில்) இயங்கும் விஜிடி டர்போ, அதாவது உள்ளே வேன்கள் எனும் சிறு தகடுகள் திரும்பும் வகை. ஒரு மாதமாக ஒரே தொல்லை. கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்தினால் விளக்கு எரிகிறது, இழுவை சுத்தமாகப் போய்விடுகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சரி. ஓபிடி ரீடரில் (காரின் கோளாறு கோடுகளைப் படிக்கும் கருவி) பி0299 மட்டும். மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "டர்போ போச்சு" என்கிறார். டர்போவுக்குப் போகும் வேக்கத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் வால்வில் மல்டிமீட்டர் வைத்தேன், 15 ஓம் காட்டியது. அது சரியான அளவுதானே? அப்படியென்றால் டர்போதானா?

கரிப்புகை:
அவசரப்படாதீர்கள். பி0299 என்றால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) போதவில்லை, அவ்வளவுதான். எதனால் என்று அது சொல்லாது. உங்கள் 15 ஓம், வால்வுக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்பது வேறு கதை. காயில் அறுந்திருந்தால் பி0045 மாதிரி சர்க்யூட் கோடு வந்திருக்கும்.

வால்வில் மூன்று வாய் இருக்கும்: இஞ்சினின் வேக்கம் பம்பிலிருந்து வருவது, ஆக்சுவேட்டருக்கு (வேக்கத்தால் ராடை இழுத்து டர்போ வேன்களைத் திருப்பும் பாகம்) போவது, வெளிக்காற்றுக்குத் திறப்பது. கழற்றும் முன் ஹோஸ்களில் நெயில் பாலிஷால் புள்ளி வையுங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செருகிவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க மண்டை காய்ந்தேன்.

இஞ்சின் ஆறியதும், கையால் இழுக்கும் வேக்கம் பம்பை ஆக்சுவேட்டர் ஹோஸில் மாட்டி இழுங்கள். ராடு வழுக்கிக்கொண்டு நகரவேண்டும், கைப்பம்பின் கேஜில் முள் அதே இடத்தில் நிற்கவேண்டும். நின்று நின்று நகர்ந்தால் டர்போ வேன்களில் கரி. முள் இறங்கினால் டயாஃப்ரமோ (ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) ஹோஸோ ஓட்டை. பிறகு இஞ்சினை ஐடிலில் விட்டு, வேக்கம் பம்பிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸில் கேஜை மாட்டுங்கள். 0.9 பார் அளவுக்கு வேக்கம் வரவேண்டும்.

மேட்டுவண்டி:
அவர் சொன்னது சரி, ஆனால் இவருக்குக் கோளாறு சூடானபின்தானே வருகிறது? வால்வைக் கழற்றி, மின்சாரம் இல்லாமல், வேக்கம் வரும் வாயில் பம்பை மாட்டி இழுங்கள். என் கையில் வந்த நல்ல வால்வுகள் முள்ளை நிறுத்தி வைத்தன. அப்புறம் ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் சூடாக்கி அதையே மறுபடி செய்யுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்பதென்றால் ஒரு நொடி போதும், அப்படியே விட்டால் காயில் வெந்துவிடும்.

இஜிஆருக்கும் (புகையில் ஒரு பங்கை மறுபடி இஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) அதே பார்ட் நம்பர் வால்வு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு எங்கே போகிறதோ, அதுதான் விடை.

எனக்கு வந்தது உல்டா, பி0234, ஓவர்பூஸ்ட். வெளிக்காற்று வாயில் இருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மண் அடைத்து, வேக்கம் வெளியேற வழியில்லை. கழுவியதோடு சரியாயிற்று.

ஸ்டெப்னி:
செய்து பார்த்தேன். ஆக்சுவேட்டர் பழுதில்லை, ராடு வெண்ணெய் மாதிரி நகர்கிறது. பம்பிலிருந்து வரும் வேக்கமும் சரியாக இருக்கிறது. வால்வு ஆறியிருந்தபோது முள் அசையவில்லை. ஹேர் டிரையர் காட்டியபின் பத்து எண்ணுவதற்குள் பூஜ்ஜியம்! அந்தச் சூட்டில் ஓம் 18 காட்டியது, அது பரவாயில்லையா?

கரிப்புகை:
செம்புக் கம்பி சூடானால் ஓம் ஏறத்தான் செய்யும், அதை விடுங்கள். கசிவுதான் குற்றவாளி.

ஸ்டெப்னி:
இஜிஆர் வால்வோடு மாற்றிப் போட்டு இரண்டு நாள் ஓட்டினேன். பி0299 போய் பி0401 (இஜிஆர் ஓட்டம் போதவில்லை) வந்துவிட்டது, அதாவது கோளாறு வால்வோடு சேர்ந்து இஜிஆர் பக்கம் போய்விட்டது. இன்று புது வால்வு போட்டாயிற்று. வழக்கமாகக் காலை வாரும் ஏற்றத்தில் மூன்று முறை மிதித்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. பழையதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால், உள்ளே ரப்பர் சீல் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, விளிம்பில் முடி அளவு விரிசல்.