ஜிக்பி டாங்கிள்: சோனாஃப் பி-யா, ஈ-யா? ஃபர்ம்வேர் எப்போது ஏற்றுவது?

மொட்டைமாடி_நெட்:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்), எஸ்எஸ்டியில் ஓடுகிறது. ஜிக்பிக்கு (சாதனங்களை இணைக்கும் கம்பியில்லா முறை) இசட்எச்ஏ (ஹோம் அசிஸ்டென்ட்டில் ஜிக்பியைக் கவனிக்கும் பகுதி), பழைய சிசி2531 யூஎஸ்பி குச்சி (டாங்கிள்), சானல் 11. மொத்தம் 26 சாதனங்கள்: 9 பல்பு, 4 பிளக், மீதி பேட்டரி சென்சார்கள். கதவு சென்சார்கள் அடிக்கடி 'கிடைக்கவில்லை' என்று காட்டுகின்றன. வைஃபை ரவுட்டர் சானல் 1-இல் இருக்கிறது. சோனாஃப் டாங்கிளின் பி, ஈ மாடல்கள் இரண்டில் எது வாங்கலாம்? வந்ததும் ஃபர்ம்வேர் (டாங்கிளுக்குள் ஓடும் மென்பொருள்) மாற்ற வேண்டுமா? எல்லாச் சாதனங்களையும் திரும்ப பேர் பண்ண (நெட்வொர்க்கில் இணைக்க) வேண்டியிருக்குமா?

சாலிடர்_சாமி:
சிசி2531-ஐ மாற்றுவது சரிதான். அதன் மெமரி சிறியது. 26 சாதனம் அதற்கு அதிகம்.

பி மாடலில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி2652பி சிப், ஈ-யில் சிலிக்கான் லேப்ஸின் இஎஃப்ஆர்32எம்ஜி21. இரண்டுக்கும் வெளி ஆன்டெனா உண்டு, 20 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) வரை அனுப்பும். ஜிக்பி மட்டும் போதுமென்றால் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். நாளைக்கு மேட்டர், த்ரெட் என்ற வேறு ஸ்மார்ட் ஹோம் முறைகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஈ. அதில் த்ரெட் ஃபர்ம்வேரும் ஏற்றலாம். ஆனால் ஜிக்பியும் த்ரெட்டும் ஒரே டாங்கிளில் ஒன்றாக ஓட்டும் 'மல்டிபுரோட்டோகால்' ஆசை வேண்டாம். ஹோம் அசிஸ்டென்ட்காரர்களே அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. த்ரெட்டுக்குத் தனியாக இன்னொன்று வாங்குவதே நிம்மதி.

ஃபர்ம்வேரை டாங்கிள் காலியாக இருக்கும்போதே, நெட்வொர்க்கை அதற்கு மாற்றுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். பி-யில் முழுதாக அழித்துத்தான் எழுதுவோம். உள்ளே நெட்வொர்க் இருந்தால் அதுவும் போய்விடும், பிறகு பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும்.

மொட்டைமாடி_நெட்:
நன்றி சார். பி வாங்குகிறேன். ஏற்றும் முறையைச் சொல்ல முடியுமா?

ஃப்ளாஷ்_பாண்டி:
பை-யில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். பைத்தானும், ஃபர்ம்வேரை ஏற்றும் சிசி2538-பிஎஸ்எல் ஸ்கிரிப்ட்டும் வேண்டும்.

கோயன்கேகே என்ற டெவலப்பரின் கிட்ஹப் பக்கத்தில் கோஆர்டினேட்டர் (நெட்வொர்க்கின் தலைமைக் கருவி) ஃபர்ம்வேர் இருக்கும். சிசி1352பி2, சிசி2652பி என்று தொடங்கும் கோப்புகளில் 'லாஞ்ச்பேட்' என்று இருப்பதுதான் சோனாஃப் பி-க்கு. பக்கத்திலேயே 'அதர்' என்று ஒன்று இருக்கும், அது வேறு போர்டுகளுக்கு: ஆன்டெனா சுவிட்சின் பின்கள் மாறும், டாங்கிள் வேலை செய்வது போலவே இருக்கும், ரேஞ்ச் மட்டும் படுத்துவிடும். 'ரவுட்டர்' கோப்பையும் தொடாதீர்கள். அதை ஏற்றினால் டாங்கிள் வெறும் ரிப்பீட்டர்தான்.

ஸ்கிரிப்ட்டில் சோனாஃபுக்கென்று பூட்லோடர் (ஃபர்ம்வேர் ஏற்றும் நிலை) ஆப்ஷன் இருக்கிறது, அதைக் கொடுத்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். பதில் வரவில்லையென்றால் ஸ்குரூவைக் கழற்றி, போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே யூஎஸ்பியில் செருகி, பிறகு விடுங்கள். அழி, எழுது, சரிபார் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கொடுங்கள். சரிபார்ப்பை விட்டுவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் நிறைய.

போர்ட்டே தெரியவில்லை, வந்துவந்து மறைகிறது என்றால் உபுண்டு 22.04-இல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் மென்பொருளைப் பாருங்கள். பிரெய்ல் கருவி என்று நினைத்துச் சில யூஎஸ்பி சீரியல் சிப்களைப் பிடித்துக்கொள்ளும். பிரெய்ல் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

இதைப் படிக்கும் ஈ மாடல் வைத்திருப்பவர்களுக்கு: குரோமில் திறக்கும் வெப் ஃப்ளாஷரே (பிரவுசரிலேயே ஃபர்ம்வேர் ஏற்றும் பக்கம்) போதும், ஏற்ற வேண்டியது ஜிபிஎல் வகைக் கோப்பு. பழைய ஸ்டாக்கில் வருவது ஃபர்ம்வேர் 6.10.3. இசட்எச்ஏ-வுக்குப் பதிலாகப் பயன்படும் ஜிக்பி2எம்க்யூடிடி மென்பொருளின் 'எம்பர்' டிரைவர், ஃபர்ம்வேர் 7.4-க்குக் கீழே இருந்தால் ஏற்காது. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை, புது வெர்ஷன் வந்தது என்பதற்காக மட்டும் தொடாதீர்கள்.

ரிலே_ராணி:
டாங்கிள் மாற்றுவதோடு இதையும் செய்யுங்கள், இல்லாவிட்டால் புது டாங்கிளிலும் அதே கதைதான்.

எஸ்எஸ்டி பை-யின் நீல யூஎஸ்பி 3 போர்ட்டில் இருக்கும். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும், ஜிக்பியும் அங்கேதான். டாங்கிளைக் கறுப்பு போர்ட்டில், யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாகச் செருகுங்கள். ஒரு மீட்டர் இருந்தால் நல்லது. பீரோ பக்கத்திலும் ரவுட்டர் தலைமேலும் வைக்காதீர்கள்.

அடுத்தது சானல். வைஃபை 1 சுமார் 2402 முதல் 2422 மெகாஹெர்ட்ஸ் வரை பரவும். உங்கள் ஜிக்பி 11 நிற்பது 2405-இல், நேராக அதன் வயிற்றுக்குள். வைஃபையை 1-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பூட்டுங்கள், 'ஆட்டோ' வேண்டாம். ஜிக்பியை 20 அல்லது 25-க்கு மாற்றுங்கள். 26-இல் சில சாதனங்கள் சேரவே சேராது.

நெட்வொர்க்கை இசட்எச்ஏ அமைப்பில் உள்ள 'மைக்ரேட்' வசதி மூலம் புது டாங்கிளுக்கு மாற்றலாம், மறுபடி பேர் பண்ணத் தேவையில்லை. முடிந்ததும் பழைய குச்சியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரே நெட்வொர்க்கை இரண்டு கோஆர்டினேட்டர்கள் பேசினால் குழப்பம்தான். சானல் மாற்றத்தை அதே நாளில் செய்யாமல் எல்லாம் திரும்பி வந்த பிறகு செய்யுங்கள். தூங்கும் சென்சார்கள் சில பின்தங்கும். பட்டனை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் வந்துவிடும், வராததை மட்டும் மறுபடி பேர் பண்ணுங்கள்.

அந்த 9 பல்புகள் சுவர் சுவிட்சில் அணைக்கப்படுகின்றனவா?

மொட்டைமாடி_நெட்:
ஆமாம், வீட்டில் எல்லோரும் சுவிட்சில்தான் அணைக்கிறார்கள்.

ரிலே_ராணி:
அப்போது காரணத்தில் பாதி அதுதான். மின்சாரத்தில் ஓடும் பல்பு, தூரத்துச் சென்சாருக்கு ரிப்பீட்டர். சுவிட்சை அணைத்தால் அதைப் பிடித்துத் தொங்கிய சென்சாரும் அறுந்துபோகும். சில மலிவு கதவு சென்சார்கள் வேறு வழியைத் தேடவே தேடாது. 4 பிளக்குகளையும் எப்போதும் ஆனில் இருக்கும் பாயின்ட்டுகளுக்கு, முடிந்தால் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். கதவு சென்சார்களை அந்தப் பிளக் வழியாகவே 'இந்தச் சாதனம் மூலம் சேர்' என்று கொடுத்துச் சேருங்கள்.