எச்சரிக்கை வாசல் வரை வந்த இரவு

வெள்ளம், புயல், சுனாமி எச்சரிக்கைகள் பற்றி மூவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

ஆற்றங்கரையிலிருந்து ஒருவர்:

ஆற்றின் நீர்மட்ட அளவுகோலை மணிக்கொரு முறை பார்த்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு பெருமழை இரவில், நீர்மட்டம் அபாய அளவைவிட ஒன்றரை மீட்டர் உயரும் என்ற எச்சரிக்கை 6 மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. கணிப்பில் பிழை இல்லை. ஆனாலும் குறுஞ்செய்தியைப் படித்தவர்கள் வீட்டை விட்டு நகரவில்லை. அபாய அளவு என்பது பாலத்துத் தூணில் வரைந்த சிவப்புக் கோடு. அது தம் வீட்டுத் தரைக்கு எவ்வளவு மேலே என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

கரையோரத் தெருவில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போய், டார்ச் வெளிச்சத்தில் ஜன்னலின் கீழ்க்கட்டையைத் தொட்டுக் காட்டி, "விடிவதற்குள் தண்ணீர் இதுவரை வரும், பாட்டி" என்றேன். அவர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் போவதைக் கண்டுதான் தெருவே புறப்பட்டது. விடியற்காலையில் அந்தக் கட்டைக்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர் நின்றது.

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் நினைவுக்கு வரும். புயல் அலை எழும் என்று அங்கும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்; ஆனால் அந்தத் துறைச்சொல் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி போல் கடல் ஏறி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

புயலைக் கண்ட ஒருவர்:

இரண்டு புயல்கள் வேறு திசைக்குத் திரும்பிவிட்ட பிறகு, கைபேசியில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைத்தேன். நாள் கூடக் கூடப் பாதைக் கணிப்பின் பிழையும் கூடும் என்பதும், அதனால்தான் வரைபடத்தில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக விரியும் கூம்பை வரைகிறார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது புயலின்போது மெகாபோனுடன் வந்த ஒரு தன்னார்வலர், பதில் வரும் வரை எங்கள் கதவைத் தட்டியதால் பிழைத்தோம். வங்கதேசத்தில் இதையே ஓர் அமைப்பாக வளர்த்திருக்கிறார்கள். 1970-இல் ஒரே புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்ட பிறகு, 1972-இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக் கதவு, பெண் குரலுக்குத் திறக்கும் அல்லவா?

கடலோரத்திலிருந்து ஒருவர்:

நிலநடுக்க மையம் கரைக்கு அருகில் இருந்தால், கருவிகள் கணக்கிட்டு முடிப்பதற்குள் சுனாமி அலை வந்துவிடலாம். 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. 1907 சுனாமிக்குப் பின், சுனாமியைக் குறிக்கும் "ஸ்மோங்" என்ற தம் சொல்லோடு, நிலம் பலமாக அதிர்ந்தால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அந்த நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருந்தார்கள். எங்கள் கரையில் ஒரு நாள் நிலம் நெடுநேரம் அதிர்ந்தபோது, அந்தக் கதையை அறிந்திருந்த என் மகள் என் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். பாதி வழி ஏறிய பிறகே சைரன் ஒலித்தது.