ஹம்ப்டா கணவாய்: குழுவில் கடைசியாக நடப்பவர் எப்படித் தாக்குப்பிடிப்பது?

கேள்வி (தாம்பரம் வாசி)

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் அலுவலக நண்பர்கள் ஒன்பது பேராக, இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஹம்ப்டா கணவாயைக் கடக்க இருக்கிறோம். ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா, ஷியா கோரு ஆகிய இடங்களில் தங்கி, நான்காம் நாள் சத்ருவில் இறங்குவதாகத் திட்டம். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு என எல்லாவற்றையும் நாங்களே சுமப்பதென்று முடிவு செய்திருப்பதால், ஒவ்வொருவர் முதுகிலும் 13 கிலோ ஏறும். எனக்கு வயது 46, எடை 68 கிலோ. மற்ற அனைவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். சென்ற மாதம் ஒத்திகையாக அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறியபோது, அவர்கள் வழியிலுள்ள காலி கோபுரத்தில் அமர்ந்து மோர் குடித்து முடித்த பிறகே நான் போய்ச் சேர்ந்தேன். நான் வந்ததும் அவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மூச்சு வாங்கியதைவிட, என்னால் மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம்தான் என்னை அதிகம் வருத்தியது. நான் விலகிக்கொள்வதே நல்லதா?

மறுமொழி (மலைப்பாதை)

விலக வேண்டாம், ஐயா. உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். முன்னால் போனவர்களுக்குக் கால் மணி நேரம் ஓய்வு கிடைத்தது. ஓய்வு மிகவும் தேவைப்பட்ட உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நாளில் இது ஐந்தாறு முறை நடந்தால், குழுவிலேயே குறைவாக ஓய்வெடுத்தவர் மெதுவாக நடப்பவராகத்தான் இருப்பார், மறுநாள் அவர் இன்னும் பின்தங்குவார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதே பாதையில் முதல் நாள் முழுவதும் இப்படித்தான் அழுதுகொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் காலையில் எங்கள் வழிகாட்டி என்னை வரிசையின் முதலில் நிறுத்தி, அணியிலேயே வேகமானவரைக் கடைசிக்கு அனுப்பினார். என் நடைதான் குழுவின் நடை என்று ஆனபின், நின்று நின்று போவது குறைந்ததால், அன்று முந்தைய நாளைவிட முன்னதாகவே கூடாரம் அடித்தோம்.

ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். பேச்சு இரண்டு சொல்லில் முறிந்தால் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று பொருள். பொதுச் சுமையைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவது நியாயம்போலத் தோன்றும், ஆனால் அது நியாயமன்று. கூடாரத்தையும் அடுப்பையும் இளையவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் மிளகாய்த்தூள் சுமந்தால் போதும்.

மறுமொழி (பனித்துளி)

மேலே சொன்னதோடு உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர், கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஆகவே மணாலியில் இரண்டு இரவுகள் தங்குங்கள். பாலு கா கேராவிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோயை உடல் வலிமை தடுக்காது. முப்பது வயதுக்காரர் விரைந்து ஏறித் தலைவலியை மறைத்தால், ஆபத்து உங்களைவிட அவருக்கே அதிகம். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டம் என்றால் உடனே இறங்க வேண்டும். மலைநோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி (கால்வலிக்காரன்)

திருமலையிலிருந்து பேருந்தில் இறங்கியிருப்பீர்களே? அங்கேதான் ஒத்திகை பாதியில் நின்றது. கணவாயிலிருந்து ஷியா கோருவுக்கு இறங்கும் சரிவில்தான் தொடைத்தசைகள் நடுங்கும். அடுத்த முறை தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிய பையோடு அந்த 3,550 படிகளையும் இறங்கிப் பாருங்கள். சுமையின் பெரும்பகுதி தோளில் அல்லாமல் இடுப்புப் பட்டையில் அமர வேண்டும். இறக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும். ஓடையைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், வழுக்கினால் பையை உடனே கழற்ற முடியும். பனி உருகுவதால் பிற்பகலில் நீர் ஏறும் என்பதால் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

தாம்பரம் வாசி

மூவருக்கும் நன்றி. நேற்று குழுவில் பேசினேன். நான் முதலில் நடப்பதை உடனே ஒப்புக்கொண்டார்கள். காலி கோபுரத்தில் நடந்ததை அவர்கள் கவனிக்கவே இல்லையாம். மணாலியில் இரண்டாவது இரவுக்கு மட்டும் விடுப்புக் கணக்கு இடிக்கிறது, அதற்கு மேலாளரிடம் நாளை பேச வேண்டும். என் பை இப்போது 9 கிலோ. வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அலிபிரி. இம்முறை இறங்குவதும் நடந்துதான்.