சர்க்கரை நோயால் சிறுநீரகப் பாதிப்பு: சீன மூலிகைக்கு மாறலாமா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறது. லோசார்டான், டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகளை எடுக்கிறார். இவற்றை நிறுத்திவிட்டுச் சீனப் பாரம்பரிய மருத்துவத்துக்கு மாறச் சொல்கிறார் உறவினர் ஒருவர். அப்பாவும் பாதி மனது வைத்துவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு லோசார்டானும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ரெனால் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் அதில் 28 சதவீதம் குறைந்தது. சீன மருந்துகளில் ஹுவாங்சி என்ற அஸ்ட்ராகலஸ் வேரைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, சில மாதங்களே நடந்தவை. அல்புமின் குறைந்ததா என்று பார்த்தார்கள், டயாலிசிஸ் தள்ளிப்போனதா என்று பார்க்கவில்லை. பலவற்றில் வழக்கமான மருந்தோடு சேர்த்தே மூலிகையைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் "நிறுத்திவிட்டு மாறு" என்பதற்கு அது எப்படி ஆதாரமாகும்?

அப்புறம், 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்கு, அதில் கலந்திருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் சிறுநீரகமே கெட்டுப்போனது.

மூலிகையை மட்டும் தனியாகக் கொடுத்து, ஓராண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். லோசார்டானோடு ஹுவாங்சி சேர்த்து எடுத்தவர்களுக்குப் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் எப்படி மாறின? சிறுநீரக மருத்துவர்கள் யாராவது இருந்தால், அப்பாவிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்றும் எழுதுங்கள். அவர் முடிவெடுக்கும் முன் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.