ஹோம்ஸ்கூல்ல வரலாறு, புவியியலை விளையாட்டா சொல்லிக்கொடுக்க என்ன பண்றீங்க?

நொய்யல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 9 வயசு, கோவைல வீட்லயே படிக்கிறான். கணக்கு, சயின்ஸ் எல்லாம் தானா உக்காந்து பண்ணிடுவான், வரலாறு புவியியல்னு புக்கை எடுத்தா மட்டும் தண்ணி குடிச்சிட்டு வரேன்னு எழுந்து போயிடறான். மொபைல்ல தலைநகரம் கண்டுபிடிக்கிற கேம் போட்டுக் கொடுத்தேன், இப்ப மங்கோலியா வரைக்கும் டக்குனு சொல்றான், ஆனா ஆனி ஆடில நம்ம ஊர்ல காத்து ஏன் இப்படி அடிக்குதுன்னு கேட்டா முழிக்கிறான். பேரெல்லாம் தெரியுது, காரணம் தெரியல. அந்த "ஏன்" உள்ள போற மாதிரி ஏதாவது விளையாட்டு இருக்கா? கடைல வாங்கறதா இருந்தாலும் சரி வீட்ல செய்யறதா இருந்தாலும் சரி. இன்னொண்ணு, இப்படி விளையாடிட்டே இருந்தா நாளைக்கு பத்தாவது எப்படி எழுதுவான்னு அத்தை கேட்டுட்டே இருக்காங்க, அதுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

கடலோடி_அப்பா:
சிஸ்டர், உங்க காத்து கேள்விக்கே ஒரு விளையாட்டு இருக்கு, எங்க வீட்ல செஞ்சது. முசிறி மிளகு வியாபாரம், முசிறின்னா கேரளக் கரைல இருந்த பழைய துறைமுகம். ஒரு பெரிய சார்ட்ல எகிப்து, செங்கடல், அரபிக்கடல், கேரளக் கரை மட்டும் வரைஞ்சுக்கோங்க. ஆளுக்கு ஒரு கப்பல், கொஞ்சம் பொற்காசு. ஒரு சுத்து ஒரு மாசம். முக்கியமான ரூல் ஒண்ணுதான், கப்பலை நகர்த்தறது தாயக்கட்டை இல்ல, காத்து. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, கப்பல் இந்தியா பக்கம்தான் வரும். டிசம்பர், ஜனவரில வடகிழக்குக் காத்து, திரும்பிப் போக மட்டும்தான் முடியும். ஜனவரிக்குள்ள கிளம்பலன்னா அடுத்த வருஷம் வரைக்கும் முசிறிலயே உக்காந்து சாப்பாட்டுக்கு காசு கொடுக்கணும்.

இது எதுவும் கற்பனை இல்ல. முதல் நூற்றாண்டுல ரோம்ல இருந்த எழுத்தாளர் பிளினி இந்த வழியை நாள் கணக்கோட எழுதி வச்சிருக்கார், அலெக்ஸாண்ட்ரியா பக்கத்துல இருந்து நைல்ல 12 நாள், அப்புறம் பாலைவனத்துல ஒட்டகத்தோட 12 நாள் நடந்து பெரெனிகே துறைமுகம், அங்கிருந்து செங்கடல் முனைக்கு 30 நாள், அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். அதை அப்படியே கட்டமா போட்டுட்டேன். பெரெனிகேல ஒரு கோயில் வளாகத்தை தோண்டினப்ப ஒரு ஜாடில ஏழரை கிலோ மிளகு கிடைச்சிருக்கு, இதை ஆட்டம் நடக்கும்போது சொன்னா பசங்க கண்ணு விரியும் பாருங்க. ரோமானியக் கப்பல் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏத்திட்டுப் போகும்னு அகநானூற்றுலயும் இருக்கு.

எகிப்துல இருந்து ஏன் ஜூலைல கிளம்பறாங்க, மே மாசமே கிளம்பினா என்னன்னு என் பொண்ணு கேட்டா. ஜூன் ஜூலைல கேரளக் கரைல கடல் எப்படி இருக்கும்? சீக்கிரம் வந்தா கப்பல் உடையும், அதான் மழையோட உக்கிரம் தணியற நேரமா பாத்து வந்து சேர்றாங்க. அவளா கேட்டு அவளா புரிஞ்சுகிட்டது, அதனால அது மறக்காது.

உங்க ஊருக்கு வர்றேன். முசிறிக்குக் கப்பலைத் தள்ளிட்டு வந்த அதே தென்மேற்குக் காத்துதான் பாலக்காட்டு கணவாய் வழியா உள்ள வந்து கோவைல அடிக்குது, மலை நடுவுல ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி இருக்கே, அதான். உடுமலைப்பேட்டை பக்கம் காத்தாடியெல்லாம் சும்மாவா நிக்குது? வியாபாரியும் அதே இடைவெளிலதான் நுழைஞ்சான். வெள்ளலூர்ல ரோமானியக் காசு கிடைச்சிருக்கு, நொய்யல் கரைல கொடுமணல்ல கல்லுல பாசிமணி செஞ்சிருக்காங்க, அப்படியே கிழக்கே போனா கரூர். சார்ட்டை இந்தப் பக்கம் நீட்டி ரெண்டாவது ஆட்டமா விளையாடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை கொடுமணல் கூட்டிட்டுப் போங்க.

டெல்டா_டீச்சர்:
கடலோடி சார் சொன்னது ரொம்ப நல்லா இருக்கு. நாங்க தஞ்சாவூர், அதனால எங்க வீட்ல காவிரித் தண்ணியைப் பிரிக்கிற ஆட்டம்தான் ஓடுது. தண்ணிக்கு புளியங்கொட்டை, ஒரு கொட்டை 10 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). மொத்தம் 740, அதுல 2018 உச்ச நீதிமன்ற தீர்ப்புப்படி தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7, மிச்சம் சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். நல்ல வருஷத்துல பிரிக்கறது ஈஸி. சோழி போட்டு வறட்சின்னு விழுந்தா பாதிக் கொட்டைதான் கைக்கு வரும், அப்ப பேசித்தான் பிரிக்கணும், ஆட்டமே அங்கதான். குறுவை நெல்லுக்கு ஜூன் 12 மேட்டூர் திறக்கணும், ஆனா டெல்டாவுக்குன்னு பெரிய மழை அக்டோபர்லதானே வருது, அப்ப ஜூன்ல ஓடற தண்ணி எங்க பெய்ஞ்சது? குடகு, வயநாடுன்னு மேப்ல விரலை வச்சுத் தேட ஆரம்பிச்சிடுவாங்க. கட்டாயம் பக்கம் மாத்தி விளையாட வைங்க, கர்நாடகா பக்கத்து மண்டியா விவசாயியா உக்காந்து பேசின பையன் அப்புறம் நியூஸ் பாக்கறதே வேற மாதிரி இருக்கு.

பழுப்பு_அட்டை:
அத்தைக்கு பதில். என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுத 14 வயசு ஆகணும், உங்களுக்கு நிறைய டைம் இருக்கு. அங்க அஞ்சு பாடம் எழுதினா போதும், மொழி தவிர மத்தது நம்மளே தேர்ந்தெடுக்கலாம், சோசியல் எடுத்தே ஆகணும்னு இல்ல. எடுத்தா நல்லதுன்னுதான் சொல்வேன். ஆனா ஒண்ணு, விளையாட்டு மட்டும் போதும்னு நான் நினைக்கல, ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே அதே விஷயத்தை புக்ல படிக்க வைங்க. முதல்ல புக், அப்புறம் ஆட்டம்னு போனா மறுபடியும் தண்ணி குடிக்கத்தான் போவான்.

வரலாறுக்கு எங்க வீட்ல வெறும் அட்டை ஆட்டம்தான். முன்னாடி நிகழ்ச்சி, பின்னாடி வருஷம், வருஷத்தைப் பாக்காம வரிசைல சொருகணும். தஞ்சை பெரிய கோயில் 1010, வாஸ்கோ ட காமா 1498, ராயபுரத்துல இருந்து ரயில் 1856, முல்லைப்பெரியாறு அணை 1895, பழைய பாம்பன் பாலம் 1914. நடுவுல "மிளகாய் நம்ம ஊருக்கு வந்தது"ன்னு ஒரு அட்டை, எல்லாரும் ராஜராஜனுக்கு முன்னாடிதான் வைப்பாங்க! அது அமெரிக்காக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்க வந்துச்சு, அதுவரைக்கும் காரத்துக்கு மிளகுதான். கடைல வாங்கறதுன்னா டிக்கெட் டு ரைடுங்கற போர்டு கேம்ல இந்தியா மேப் இருக்கு, 1911 ரயில் பாதை. பாகிஸ்தான் எல்லை எங்கேன்னு கேப்பான், பிரிவினையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம். விலைதான் ஜாஸ்தி, யார்கிட்டயாவது இருந்தா வாங்கி விளையாடிப் பாருங்க.

நொய்யல்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! மிளகு ஆட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், சார்ட் வாங்கியாச்சு. கடலோடி சார், பையனோட தங்கச்சிக்கு 5 வயசு, அவளும் "நானும் வருவேன்"னு அடம் பிடிக்கிறா, என்ன பண்றது?

கடலோடி_அப்பா:
காத்தை அவகிட்ட கொடுத்துடுங்க சிஸ்டர். மாசம் மாறினதும் பெரிய அம்புக்குறியை அவதான் திருப்பி வைக்கணும், அவ திருப்பற வரைக்கும் யார் கப்பலும் நகரக் கூடாது.